ரெண்டு பெட்டியிலயும் முத்திரை இருக்கே தம்பி!

முன்குறிப்பு: கொஞ்சம் நீளமான பதிவு. ஆணி கம்மியா இருக்கிற நாளா பார்த்துப் படிங்க மக்களே.

படப்பையில நாங்க குடியிருக்கிற அடுக்ககத்துல மொத்தம் 36 வீடு. வண்டலூர் - வாலாஜாபாத் ரோட்டுல இருந்து உள்ளே தள்ளி இருக்கு. பாதிப் பேர் ஒரகடம் கம்பெனிகளுக்கு ஷிப்ட் போறவங்க. மீதியில என்னை மாதிரி பொட்டி தட்டுறவங்க சிலர், பென்ஷன்காரங்க சிலர். ஆறு மாசமா வண்டியில பெட்ரோல் காணாம போகுது, ஒரு சைக்கிளும் போயிடுச்சு. பழைய கேமரா எட்டுல மூணு குருடு. அதனால புதுசா 16 கேமரா போடலாம்னு சங்கக் கூட்டத்துல முடிவாச்சு.

"நீதான் கம்ப்யூட்டர் இன்ஜினியர் ஆச்சே தம்பி, நீயே பார்த்து முடிச்சிரு" என்றார் செயலாளர். பொறியியல் பட்டம் வாங்கின பாவத்துக்கு பிரிண்டர் ரிப்பேரும் நாமதான், ஆதார் திருத்தமும் நாமதான், கேமராவும் நாமதான்.

டீலர் ரெண்டு கொட்டேஷன் கொடுத்தார். ஒண்ணு பழைய மாடல். இன்னொண்ணு புது மாடல், கேமராவுக்கு 700 ரூபா அதிகம். ஏன் அதிகம்னா, "இது எஸ்.டி.க்யூ.சி. வாங்கினது சார்" என்றார். 16 கேமராவுக்கு 11,200 ரூபா. வீட்டுக்கு முந்நூத்திப் பதினொரு ரூபா சொச்சம். இந்த முந்நூறு ரூபாய்க்குத்தான் கூட்டத்துல ஒண்ணேகால் மணி நேரம் சண்டை. செயலாளர் ரெண்டு பெட்டியையும் மேஜை மேல வெச்சுட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "ரெண்டு பெட்டியிலயும் அரசாங்க முத்திரை இருக்கே தம்பி, அப்புறம் எதுக்கு அதிகம் கொடுக்கணும்?"

நல்ல கேள்வி. பழைய மாடல் பெட்டியிலயும் ஐ.எஸ்.ஐ. மாதிரி ஒரு குறி, கீழே ஆர் என்று ஆரம்பிக்கிற ஒரு எண். இந்தியத் தர நிர்ணய அமைப்போட 'பிஐஎஸ் கேர்' செயலியில அந்த எண்ணைப் போட்டுப் பார்த்தேன். உண்மையான எண்தான், போலி இல்லை. எந்தத் தரத்துக்கான பதிவுன்னு பார்த்தா ஐ.எஸ். 13252. அது என்னன்னா, மின்சாரப் பாதுகாப்பு. தொட்டா ஷாக் அடிக்காது, சூடாகித் தீப்பிடிக்காது, அவ்வளவுதான். வெளியில இருந்து எவனும் உள்ளே பூந்து படத்தைப் பார்க்க மாட்டான் என்பதைப் பத்தி அந்த முத்திரைக்கு ஒண்ணுமே தெரியாது. பல வருஷமா நாம கேமராப் பெட்டியில பார்த்த அரசாங்க முத்திரை இதுதான்.

இதைச் சொன்னதும் கூட்டத்துல ஒரு நிமிஷம் அமைதி. மூணாவது மாடி அக்கா மட்டும், "அப்ப இவ்ளோ நாளா பாதுகாப்புன்னு நினைச்சது ஷாக் அடிக்காத பாதுகாப்பா?"ன்னு சிரிச்சாங்க.

சரி, புது மாடல் மேட்டருக்கு வருவோம். எஸ்.டி.க்யூ.சி. என்பது மத்திய மின்னணு, தகவல் தொழில்நுட்ப அமைச்சகத்தின் கீழ் இருக்கிற சோதனை, தரச்சான்று அமைப்பு. ஆதாருக்குக் கைரேகை எடுக்கிற கருவிக்குச் சான்று கொடுக்கிறதும் இவங்கதான். 2024 ஏப்ரல் 9-ஆம் தேதி அமைச்சகம் ஒரு அறிவிக்கை போட்டுச்சு. இனி கேமராவுக்கு மின்சாரப் பாதுகாப்பு மட்டும் போதாது, தகவல் பாதுகாப்புக்கான அடிப்படைத் தேவைகளையும் சோதனைக்கூடத்துல நிரூபிக்கணும்னு. முதல்ல 2024 அக்டோபர் 9-ல அமலுக்கு வரணும்னு இருந்தது, அப்புறம் தள்ளிப்போய் 2025 ஏப்ரல் 9-ல அமலாச்சு.

என்ன சோதிக்கிறாங்க? கேமராவைப் பிரிச்சா உள்ளே பலகையில நாலு பின் இருக்கும், அதுல ஒரு ஒயரைச் சொருகினா நேரா லினக்ஸ் கட்டளைத் திரைக்குப் போயிடலாம். தயாரிப்புக் கட்டத்துல பொறியாளர்களுக்காக வெச்சது, விக்கிறப்ப மூடாம விட்டிருப்பாங்க. அது மூடியிருக்கான்னு பார்க்கணும். ஃபர்ம்வேர்ல தயாரிப்பாளரோட டிஜிட்டல் கையெழுத்து இருக்கா, கையெழுத்து இல்லாத ஃபர்ம்வேரை ஏத்தினா நிராகரிக்குதா, எல்லாக் கருவிக்கும் ஒரே பாஸ்வேர்ட் இருக்கா, படம் மறையாக்கத்தோட போகுதா, உள்ளே இருக்கிற சிப் எங்கேருந்து வந்தது என்றெல்லாம் பார்க்கணும். மூல நிரலையும் சோதனைக்குக் கொடுக்கணும். கடைசி விஷயத்துக்குத்தான் தயாரிப்பாளர்கள் குய்யோ முறையோன்னு கத்தினாங்க. அதுக்கு அப்புறம் வர்றேன்.

எங்க ஆபீஸ்ல இதைப் பேசினப்போ கூட வேலை செய்யற நண்பர் சொன்னது: "சர்டிபிகேட் எல்லாம் சும்மா கண்துடைப்பு. எந்தச் சர்டிபிகேட் எந்த ஹேக்கரைத் தடுத்திருக்கு?" நம்ம துறையில இது ரொம்பப் பிரபலமான கருத்து. நானும் அந்தக் கட்சியிலதான் இருந்தேன். அதுக்குக் காரணமும் இருக்கு.

கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன். அரசாங்கம் கணினிப் பாதுகாப்பை அளந்து முத்திரை குத்துறது புதுசு இல்லை. அமெரிக்கப் பாதுகாப்புத் துறை 1983-லயே ஒரு ஆரஞ்சு அட்டைப் புத்தகம் போட்டு ஆரம்பிச்சது. ஐரோப்பாக்காரங்க தனியா ஒண்ணு செஞ்சாங்க. எல்லாம் ஒண்ணு சேர்ந்து 'காமன் கிரைட்டீரியா'ன்னு ஆகி, 1999-ல சர்வதேசத் தரமாகவே வந்துடுச்சு. ஒண்ணுல இருந்து ஏழு வரைக்கும் படிகள், மேலே போகப் போகச் சோதனை கடுமை. ஒரு நாட்டுச் சான்றை இன்னொரு நாடு ஏத்துக்கணும்னு ஒப்பந்தமும் இருக்கு. இந்தியா 2013 செப்டம்பர்ல சான்று வழங்கும் நாடுகள் வரிசையில சேர்ந்தது. அதையும் பார்த்துக்கிறது இதே எஸ்.டி.க்யூ.சி.தான்.

2002 அக்டோபர்ல விண்டோஸ் 2000-க்கு நாலாம் படிச் சான்று கிடைச்சது. அடுத்த ஆகஸ்ட்ல பிளாஸ்டர் புழு வந்து உலகம் பூரா விண்டோஸ் 2000-ஐயும் எக்ஸ்பியையும் புரட்டிப் போட்டது. சான்று பொய்யா? இல்லை. அந்த மதிப்பீட்டுக்கு அடிப்படையா எடுத்துக்கிட்ட வரைவே, பயன்படுத்துறவங்க எல்லாம் ஒத்துழைக்கிற நல்லவங்க, யாரும் வேணும்னே உடைக்க வரமாட்டாங்கன்னு அனுமானிச்சு எழுதினது. திருடனே இல்லாத ஊர்ல பூட்டைச் சோதிச்ச கதை. முத்திரையில நாலுன்னு இருக்கும், என்ன அனுமானத்துல நாலுன்னு எவன் படிக்கிறான்?

இன்னும் பெரிய கூத்து 2024 செப்டம்பர்ல வெளிவந்தது. இன்ஃபினியான் கம்பெனியோட பாதுகாப்புச் சிப்புல, மறையாக்க நூலகத்துல ஒரு ஓட்டை. யூபிகீ 5 மாதிரி சாவிகளுக்குள்ள இருக்கிற சிப். கண்டுபிடிச்ச ஆய்வாளர்கள் சொன்னது, அந்த ஓட்டை 14 வருஷமா அங்கேயே இருந்திருக்கு, நடுவுல சுமார் 80 உயர்படிச் சான்று மதிப்பீடுகள் அதைக் கடந்து போயிருக்கு. எண்பது! ஒருத்தர் கண்ணுலயும் படலை. நாடுகளுக்கே இந்த விஷயத்துல கொஞ்சம் சந்தேகம் இருந்திருக்கும் போல. முதல்ல அடுத்த நாட்டுச் சான்றை நாலாம் படி வரைக்கும் ஏத்துக்கிட்டவங்க, 2014-ல ஒப்பந்தத்தைத் திருத்தினப்ப பொதுவா ரெண்டாம் படியோட போதும்னு இறங்கிட்டாங்க.

இவ்வளவும் தெரிஞ்ச நானே அந்த முந்நூறு ரூபாயைக் கொடுக்கலாம்னு கூட்டத்துல வாதாடினேன். ஏன்னா, மேலே சொன்ன கதையெல்லாம் உயரத்துல நடக்கிற கதை. அந்தச் சிப் ஓட்டையைப் பயன்படுத்தணும்னா சாவி கையில கிடைக்கணும், விலை உயர்ந்த கருவி வேணும், கணிதம் தெரிஞ்ச மூளையும் வேணும். நம்ம தெருக் கேமராவை உடைக்க இதுல எதுவுமே தேவையில்லை.

2016-ல மிராய்னு ஒண்ணு வந்துச்சே, ஞாபகம் இருக்கா? அக்டோபர் 21 அன்னிக்கு டைன் என்கிற டொமைன் பெயர்ச் சேவையைத் தாக்கினதுல ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் எல்லாம் அமெரிக்காவுல பல மணி நேரம் படுத்துடுச்சு. தாக்கினது சூப்பர் கம்ப்யூட்டர் இல்லை, நம்ம வீட்டு வாசல்ல தொங்குற மாதிரி கேமராவும் ரெக்கார்டரும் ரவுட்டரும்தான். மிராய்க்குள்ள இருந்தது 62 ஜோடி பயனர்பெயர் - பாஸ்வேர்ட். அட்மின் - அட்மின், ரூட் - 12345, இந்த ரகம். லட்சக்கணக்கான கருவிகள் கதவைத் திறந்துடுச்சு. சில சீனத் தயாரிப்புகள்ல அந்த பாஸ்வேர்ட் ஃபர்ம்வேருக்குள்ளயே பதிஞ்சு இருந்ததால, வாங்கினவர் மாத்தணும்னு நினைச்சாலும் மாத்த முடியாது. (எழுதினது யாரோ உளவுத்துறைன்னு நினைக்காதீங்க. கல்லூரி வயசுப் பசங்க மூணு பேர். மைன்கிராஃப்ட் விளையாட்டு சர்வர் போட்டியில ஆரம்பிச்சதாம்.)

அவ்வளவு தூரம் வேண்டாம். 2025 பிப்ரவரியில குஜராத் ராஜ்கோட்ல ஒரு மகப்பேறு மருத்துவமனை. பரிசோதனை அறையில பெண்களோட காட்சிகள் வெளியே போய், இணையத்துல காசுக்கு வித்திருக்காங்க. போலீஸ் விசாரிச்சப்ப அந்த ஒரு இடம் மட்டும் இல்லை, நாடு முழுக்கப் பல இடங்கள்ல கேமராக்களுக்குள்ள பூந்திருக்காங்கன்னு தெரிஞ்சது. மருத்துவமனைக் கேமராவோட பாஸ்வேர்ட் அட்மின்123 என்று செய்திகள்ல வந்தது. அந்த அறைக்குள்ள கேமரா எதுக்குன்னு கேட்க வேண்டிய கேள்வி தனி. ஆனா பூட்டு உடைஞ்ச விதம், 2016-ல உடைஞ்ச அதே விதம்.

இதனாலதான் நான் கட்சி மாறினேன். அரசாங்கச் சோதனைக்கூடம் நுட்பமான ஓட்டையைக் கண்டுபிடிக்கும்னு எனக்கு நம்பிக்கை இல்லை. ஆனா பாஸ்வேர்ட் மாத்தாம ஓடுதா, பின் திறந்து கிடக்கா, கண்ட ஃபர்ம்வேரையும் விழுங்குதா என்று ஒரு பட்டியலை வெச்சுக்கிட்டு டிக் அடிக்கிற வேலை சோதனைக்கூடத்துக்கு நல்லாவே வரும். அது மொக்கையான வேலை. திருடனும் அந்த மொக்கை ஓட்டை வழியாத்தானே வர்றான்! ஏழாம் படிச் சான்று ஒரு ராணுவச் சிப்புக்குக் கொடுக்கிறதை விட, பட்டியல் வெச்சு பத்தாயிரம் கேமரா மாடலைச் சோதிக்கிறதுதான் என் கணக்குல நாட்டுக்குப் பெரிய லாபம்.

இப்ப அந்த மூல நிரல் விவகாரம். இந்த விதிக்குப் பின்னாடி அரசியல் இருக்குன்னு எல்லாருக்கும் தெரியும். அரசு நிறுவனங்கள்ல இருக்கிற சீனக் கம்பெனிக் கேமராக்கள் மட்டும் சுமார் 10 லட்சம்னு 2021-ல அப்போதைய இணை அமைச்சர் நாடாளுமன்றத்துல சொன்னார். அந்த பயம்தான் விதியா வந்திருக்கு. சீனக் கம்பெனிகள் மட்டும் இல்லை, அமெரிக்க, கொரியக் கம்பெனிகளும் புலம்பினாங்க. சோதனைக்கூடம் போதாது, வெளிநாட்டுத் தொழிற்சாலையைப் பார்வையிடுறதுல இழுத்தடிப்பு, மூல நிரல் எங்க ரகசியம் என்றெல்லாம். கூடம் போதாது என்கிறது நியாயம்தான். வரிசையில நிக்கிறப்ப பெரிய கம்பெனி தாங்கும். நம்மூர்ல பத்துப் பேரை வெச்சுக் கேமரா அசெம்பிள் பண்ற ஆள் தாங்குவாரா? அது எனக்கு உண்மையிலேயே கவலையா இருக்கு. மூல நிரல் ரகசியம் என்கிற வாதத்துக்கு மட்டும் எனக்குக் கண்ணீர் வரலை. நானும் நிரல் எழுதித்தான் சோறு திங்கிறேன். அடுத்தவன் வீட்டு வாசலை ராத்திரி பகலாப் பார்க்கிற ஒரு பொருளை விக்கிறவர், உள்ளே என்ன எழுதியிருக்குன்னு யாருக்கும் காட்ட மாட்டேன்னா எப்படி? அதே நேரம், நிரலைக் கொடுத்துட்டா ஒளிச்சு வெச்ச பின்வாசல் தெரிஞ்சுடும்னு நினைக்கிறதும் அப்பாவித்தனம். எங்க டீம்ல போன வருஷம் நானே எழுதின பக் ஒண்ணை மூணு பேர் பார்த்து ஓகே பண்ணினாங்க. ஒளிக்கணும்னு நினைக்காமலே அவ்வளவு ஒளியும் :-)

எனக்கு இந்தச் சான்று மேல இருக்கிற வருத்தம் வேற. சான்று ஒரு மாடலுக்கு, ஒரு ஃபர்ம்வேர் பதிப்புக்கு, ஒரு தேதியில கொடுக்கிறது. கேமரா எங்க காம்பவுண்டு சுவர்ல ஏழெட்டு வருஷம் தொங்கப் போகுது. நடுவுல ஓட்டை வந்தா? ஹிக்விஷன் கேமராக்கள்ல 2021 செப்டம்பர்ல ஒரு பெரிய ஓட்டை வெளியாச்சு, கம்பெனி திருத்தமும் கொடுத்தது. கிட்டத்தட்ட ஒரு வருஷம் கழிச்சு, 2022 ஆகஸ்ட்ல ஒரு ஆய்வு நிறுவனம் எண்ணிப் பார்த்தா, 80,000-க்கும் மேல கேமராக்கள் இன்னும் அந்த ஓட்டையோட இணையத்துல நிக்குது. யாரும் அப்டேட் பண்ணலை. திருத்தம் வர்றதே ஒரு அதிர்ஷ்டம். மலிவு மாடல்ல அதுவும் வராது, கம்பெனி அடுத்த மாடலுக்குப் போயிருக்கும்.

ஆவின் பால் பாக்கெட்டுல தேதி போடுறோம். மாத்திரை அட்டையில தேதி போடுறோம். கேமராப் பெட்டியில மட்டும், எந்தத் தேதி வரைக்கும் பாதுகாப்பு அப்டேட் வரும்னு போட என்ன தயக்கம்? பிரிட்டன்ல 2024 ஏப்ரல் 29-ல இருந்து சட்டமே அப்படித்தான். எல்லாக் கருவிக்கும் ஒரே பாஸ்வேர்ட் வைக்கக்கூடாது, எத்தனை காலம் அப்டேட் தருவோம்னு தயாரிப்பாளர் வெளிப்படையாச் சொல்லணும். சிங்கப்பூர்ல 2020 அக்டோபர்ல ஒரு முத்திரைத் திட்டம் ஆரம்பிச்சாங்க. நம்ம ஃபிரிட்ஜ்ல நட்சத்திரம் ஒட்டுற மாதிரி நாலு நிலை. அப்டேட் கொடுக்கிற வரைக்கும்தான் முத்திரை செல்லும், அதுவும் அதிகபட்சம் மூணு வருஷம். சிங்கை வாழ் பதிவர்கள் ரவுட்டர் வாங்கினப்ப பார்த்திருப்பீங்க.

நான் பார்த்த புதுப் பெட்டியில அப்படி எந்தத் தேதியும் இல்லை. எஸ்.டி.க்யூ.சி. தளத்துல மாடல் பேர் இருக்கு, சரிபார்த்துட்டேன். ஆனா பெட்டியை வாங்குறவருக்குத் தெரியற மாதிரி, இந்தப் பதிப்பைச் சோதிச்சோம், இதுவரைக்கும் திருத்தம் வரும்னு ரெண்டு வரி தமிழ்ல அச்சடிச்சா, செயலாளர் என்னைக் கேட்டிருக்கவே மாட்டார். ரெண்டு முத்திரையில எது ஷாக்குக்கு, எது திருடனுக்குன்னு அவருக்கே தெரிஞ்சிருக்கும்.

அப்புறம் சான்று எட்டாத இன்னொரு இடம் இருக்கு, அது மாட்டுறவர். சென்னையில போலீஸ் 'மூன்றாவது கண்'ன்னு பிரசாரம் பண்ணி கடைக்குக் கடை, தெருவுக்குத் தெரு கேமரா போட வெச்சாங்க. நல்ல காரியம்தான். ஆனா அந்தக் கண்களுக்கு எல்லாம் யார் பாஸ்வேர்ட் வெச்சாங்க? எங்க டீலர்கிட்ட பேச்சுவாக்குல கேட்டேன், பழைய கேமராவுக்கு என்ன பாஸ்வேர்ட் போட்டிருக்கீங்கன்னு. "கடைப் பேரும் 123-ம் சார். எல்லா பார்ட்டிக்கும் ஒண்ணுதான். மறந்துட்டு ராத்திரி பத்து மணிக்கு எங்களைத்தான கூப்பிடுவாங்க?" என்றார். அவர் மேல கோபமே வரலை. ராத்திரி பத்து மணிக்கு வண்டி எடுத்துக்கிட்டு வர்றவர் அவர்தான். எஸ்.டி.க்யூ.சி. அதிகாரி வரப்போறதில்லை. ஆனா படப்பை பஜார்ல அவர் மாட்டின கேமரா எத்தனை, கிளினிக் எத்தனை, டியூஷன் சென்டர் எத்தனைன்னு மனசுக்குள்ள ஒரு கணக்கு ஓடிச்சு, வயித்தைப் பிசைஞ்சது.

கூட்டத்துல கடைசியா கை தூக்கச் சொன்னாங்க. புது மாடலுக்கு 17, பழசுக்கு 14. மீதிப் பேர் டீ குடிக்கப் போயிட்டாங்க. மூணாவது மாடி அக்கா, "எங்க வீட்டு வாசலும் குழந்தைங்க விளையாடுற இடமும் தெரியற கேமராவுக்கு முந்நூறு ரூபா பார்க்கணுமா?"ன்னு கேட்டதுதான் திருப்பிச்சு. என் காமன் கிரைட்டீரியா விளக்கத்துக்கு ஒரு கை கூட எழும்பினதாத் தெரியலை, ஹி ஹி.

போன சனிக்கிழமை மாட்டி முடிச்சாங்க. முதல் தடவை உள்ளே போனதுமே புது பாஸ்வேர்ட் போடாம நகரவே விடலை அந்தப் பொட்டி. அட்மின்123 போட்டுப் பார்த்தேன், முடியாதுன்னுடுச்சு. சோதனைக்கூடத்துல யாரோ ஒருத்தர் அடிச்ச டிக், படப்பையில வேலை செய்யுது. டீலர்கிட்ட, இதுக்கு எந்த வருஷம் வரைக்கும் ஃபர்ம்வேர் வரும்னு கேட்டேன். கம்பெனியைக் கேட்டுச் சொல்றேன் சார்னு சொன்னார். இன்னும் சொல்லலை.

நேத்து ராத்திரி வாட்ச்மேன் ரூம் பக்கம் போனேன். ரெக்கார்டர் மேல செலோடேப் போட்டு ஒரு சீட்டு. நான் யோசிச்சு யோசிச்சு வெச்ச பதினாறு எழுத்து பாஸ்வேர்டும் செயலாளரோட முத்து முத்தான கையெழுத்துல.

டிஸ்கி: எந்த கம்பெனிக் கேமரான்னு பின்னூட்டத்துல கேட்காதீங்க, சொல்ல மாட்டேன். ஆனா உங்க ஊர்ல யாராவது பெட்டி மேல அப்டேட் தேதி போட்டு வித்தா மாடல் பேரைச் சொல்லுங்க. ரெண்டாவது பிளாக்குக்கு இன்னும் வாங்கலை.